இடுப்புக் குழி ஆபரேஷனுக்குப் பிறகு வளரும் வேண்டாத எலும்பு: மாத்திரையா, கதிர்வீச்சா, காத்திருப்பா, கத்தியா?

தொடையெலும்பின் பந்து உட்காரும் இடுப்புக் குழியில் ஆபரேஷன் முடிந்து 10 வாரம் ஆனபோது என் வலது கால் நகத்தை என்னால் வெட்ட முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தால், தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் மரக்கட்டையைச் செருகி வைத்த மாதிரி ஓர் இடத்தில் டக்கென்று நின்றுவிடும். வலிகூடப் பெரிதாக இல்லை, நின்றுவிடும், அவ்வளவுதான். தசை இறுகியிருந்தால் இழுக்க இழுக்கக் கொஞ்சமாவது கொடுக்கும், இது கொடுக்கவே இல்லை. பிசியோதெரபிஸ்ட் என் முட்டியை நெஞ்சுப் பக்கமாக மெதுவாகத் தள்ளி, கோணத்தை அளந்து 60 டிகிரி என்று எழுதிவிட்டு, “போன தடவை 70 இருந்ததே” என்றார். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட்டும் ஸ்க்ரூக்களும் வைத்த இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. அதற்கு வெளியே, தசை மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பெலும்பிலிருந்து தொடையெலும்பின் தலைப்பக்கம் நோக்கி ஒரு வெள்ளைக் கொம்பு நீண்டிருந்தது.

இதன் மருத்துவப் பெயர் ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன். வார்டில் எல்லோரும் எச்.ஓ. என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு உருவாவதுதான் விஷயம். இது கட்டி இல்லை, புற்றுநோய் இல்லை, கால்சியம் கூடிப்போனதால் வருவதும் இல்லை. பாலை நிறுத்தினால் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள், குறையாது. அடிபட்டு நசுங்கிய தசைக்குள் இன்னும் என்னவாக மாறுவது என்று முடிவாகாத செல்கள் இருக்கின்றன. காயத்திலிருந்து கிளம்பும் புரதங்களும் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சிப் பொருளும் அவற்றை எலும்பு கட்டும் செல்களாக மாற்றிவிடுகின்றன. வளர்ந்து முடிந்தால் அது நிஜமான எலும்பு, உள்ளே மஜ்ஜையோடு. இந்த மாற்றம் ஆபரேஷன் முடிந்த முதல் 2 நாளுக்குள்ளேயே மும்முரமாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்கோ 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தடுக்க முடிகிற நேரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, தெரிகிற நேரத்தில் தடுக்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடுகிற எல்லா வழிகளும் இந்த இடைவெளியைச் சுற்றியேதான் இருக்கின்றன.

நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, காத்திருப்பு, கத்தி, கதிர்வீச்சு என நாலையும் ஒரே இடுப்பில் பார்த்தவன், ஒவ்வொரு கட்டத்திலும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். கார் விபத்தில் முட்டி டாஷ்போர்டில் மோதி, தொடையெலும்பின் பந்து பின்பக்கமாகக் கழன்று, போகிற போக்கில் குழியின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பந்தை அன்று இரவே உள்ளே தள்ளிவிட்டார்கள். நுரையீரலிலும் அடி இருந்ததால் குழியைச் சேர்த்து பிளேட் வைக்கும் ஆபரேஷன் 9-வது நாள்தான் நடந்தது.

முதலில், யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் மாத்திரையா கதிர்வீச்சா என்று பேசுவதில் பயனில்லை. குழி உடைந்து ஆபரேஷன் செய்தவர்களில் ஏறக்குறைய 4-ல் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் எச்.ஓ. வருகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 25.6 சதவீதம் என்று கணக்கு, ஆனால் அசைவைக் கெடுக்கும் அளவுக்கு மோசமானது 5.7 சதவீதம்தான். சராசரி இப்படி இருந்தாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏராளம். சர்ஜன் எந்தப் பக்கமாகத் திறக்கிறார் என்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. முன்பக்கம், தொடை இடுக்கு வழியாகப் போகும் இலியோ இங்குவினல் முறையில் எச்.ஓ. குறைவு. பிட்டத்துத் தசைகளை விலக்கிக்கொண்டு பின்னால் போகும் கோகர் லாங்கன்பெக் முறையில் அதைவிட அதிகம். இடுப்பின் வெளிப்புறத் தசைகளை எலும்பிலிருந்து பெரிய அளவில் உரித்துப் போகும் விரிந்த இலியோ ஃபெமோரல் முறையில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். பின்சுவர் உடைந்தால் பின்பக்கமாகத்தான் போயாக வேண்டும், அதில் நமக்குத் தேர்வு கிடையாது. இதோடு தலையில் அடி, நீண்ட நாள் வென்டிலேட்டர், ஆபரேஷன் தள்ளிப்போனது, ஆண் என்பது, ஏற்கனவே வேறொரு மூட்டில் எச்.ஓ. வந்தது, முதுகெலும்பு இறுகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருப்பது என்று ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும். தலையடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஆனால் நரம்பு மண்டலம் அடிபட்டால் மூட்டுகளைச் சுற்றி எலும்பு வளர்வதை முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களிடம் பார்த்து 1918-லேயே பிரான்சில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் “கிரேடு” என்று ஒன்றைச் சொல்வார். 1973-ல் ப்ரூக்கர் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்த தரம் அது. முதல் தரம், தசைக்குள் அங்கங்கே எலும்புத் தீவுகள். இரண்டாவது, இடுப்பிலிருந்தோ தொடையெலும்பிலிருந்தோ நீளும் கொம்புகள், இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ.யாவது இடைவெளி இருக்கும். மூன்றாவதில் அந்த இடைவெளி 1 செ.மீ.க்கும் குறைவு. நான்காவதில் இரண்டும் ஒட்டிப் பாலம் போட்ட மாதிரி தெரியும். எனக்கு மூன்று.

முதல் 72 மணி நேரம்: சும்மா விடுவதா, மாத்திரையா, கதிர்வீச்சா

சும்மா விடுவதும் ஒரு வழிதான், அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பக்கமாக மட்டும் திறந்து, தலையில் அடியில்லாமல், சீக்கிரமே ஆபரேஷன் முடிந்தவருக்குத் தடுப்பு எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மோசமான எச்.ஓ. வரும் வாய்ப்பு குறைவாக இருக்கும்போது மாத்திரையின் கெடுதலையும் கதிர்வீச்சின் கெடுதலையும் எதற்கு வாங்கிக்கொள்ள வேண்டும்? இதில் ஆபரேஷன் மேசையிலேயே நடக்கும் ஒரு தடுப்பும் உண்டு, நோயாளிகள் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பின்பக்கமாகப் போகும்போது குளூட்டியஸ் மினிமஸ் என்ற சின்னத் தசை பெரும்பாலும் நசுங்கி உயிரற்றுக் கிடக்கும். செத்த தசையை அங்கேயே விட்டுவிடாமல் வெட்டி எடுத்துவிட்டால் எச்.ஓ. குறைகிறது என்று பல சர்ஜன்கள் அப்படியே செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனிடம் பேசக் கிடைத்தால் இதைக் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்.

மாத்திரை என்றால் பெரும்பாலும் இண்டோமெதாசின். பழைய வலி நிவாரணி. வழக்கமான அளவு 25 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு 3 வேளை, ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 6 வாரம். ப்ரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அடக்குவதால் எலும்புச் செல்கள் கிளம்புவதும் அடங்கும் என்பது கணக்கு. மலிவு, எங்கேயும் கிடைக்கும், எந்த மெஷினும் வேண்டாம். இந்த மூன்று காரணங்களுக்காகவே பல இடங்களில் இதுதான் முதலில் நீட்டப்படுகிறது, எனக்கும் இதைத்தான் கொடுத்தார்கள்.

சரி, வேலை செய்கிறதா? இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆரம்பகால ஆய்வுகள் சில நன்றாகவே வேலை செய்கிறது என்றன. ஆனால் 2006-ல் 121 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இண்டோமெதாசினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மூன்றாம் நான்காம் தர எச்.ஓ. மருந்து சாப்பிட்டவர்களில் 15.2 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19.4 சதவீதம். புள்ளியியல்படி இதை வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. இதைவிட என்னை உறுத்தியது வேறு இரண்டு ஆய்வுகள். இண்டோமெதாசினுக்குத் தேவையான எலும்பு, தேவையில்லாத எலும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எலும்பு கட்டும் வேலையையே அது தடுக்கிறது. குழியோடு கை கால் நீள எலும்பும் உடைந்தவர்களைக் கவனித்த 2003 ஆய்வில், இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அந்த எலும்பு சேரவில்லை, சாப்பிடாதவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான் அப்படி ஆனது. அப்புறம் 2014-ல் வந்த ஆய்வு, 3 நாள், 1 வாரம், 6 வாரம், வெற்று மாத்திரை என்று நாலு குழுவாகப் பிரித்து, பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. 6 வாரம் முழுக்கச் சாப்பிட்டவர்களில் 62 சதவீதத்தினருக்குக் குழியின் பின்சுவரே சரியாகச் சேரவில்லை, வெற்று மாத்திரைக் குழுவில் அது 19 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு குழுவிலும் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் எந்தச் சுவரைச் சேர்க்க உடம்பைத் திறந்தார்களோ அந்தச் சுவரையே சேரவிடாமல் செய்யும் மருந்தா என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆய்வில் 1 வாரம் மட்டும் சாப்பிட்டவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். அதனால் 6 வாரத்துக்குப் பதில் குறுகிய காலம் கொடுப்பது பற்றி இப்போது பேசுகிறார்கள்.

வயிற்றுப் பிரச்சினை தனி. இண்டோமெதாசின் குடலில் புண்ணையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடியது, சிறுநீரகத்துக்கும் ஆகாது, தலைவலியும் கிறுகிறுப்பும் சகஜம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் சேரும்போது கசிவு ஆபத்து இன்னும் கூடும். எனக்கு 16-வது நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரும்புச் சத்து மாத்திரையால் இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஹீமோகுளோபின் பார்த்தால் கிடுகிடுவென இறங்கியிருந்தது. அன்றோடு மாத்திரை நின்றது. இந்த மாத்திரை சாப்பிடுபவர் யாராக இருந்தாலும், வயிற்றைக் காக்கும் மருந்தைக் கூடவே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், மலம் கறுத்தால் ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் சொல்லுங்கள். வயிற்றுக்குக் கொஞ்சம் இதமான செலகாக்சிப் என்ற மாத்திரையைச் சிலர் எழுதுகிறார்கள். இடுப்பு மாற்று ஆபரேஷன்களில் அது எச்.ஓ.வைத் தடுப்பதில் இண்டோமெதாசினுக்குச் சளைத்ததில்லை என்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு அதுவும் யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

கதிர்வீச்சு என்றதும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள், நானும் பின்வாங்கினேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு டாக்டர் வந்து, “மாத்திரையும் இருக்கிறது, ரேடியேஷனும் இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்” என்று சொன்னபோது, நான் புற்றுநோயாளியா என்ன என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு முறை, 7 அல்லது 8 கிரே அளவு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). புற்றுநோய்க் கட்டிகளுக்குப் பல வாரங்களில் கொடுப்பது 50, 60, 70 கிரே. ஆபரேஷன் முடிந்த 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்கலாம். அந்தச் செல்கள் பெருகப் போகும் நேரத்தில் அடித்து நிறுத்துவதுதான் நோக்கம், அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம், நாலு நாள் கழித்துக் கொடுத்தால் பயன் குறைந்துவிடும். மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அவற்றைத் திரட்டிப் பார்த்த 2009 தொகுப்பாய்வில் மோசமான எச்.ஓ. கதிர்வீச்சு வாங்கியவர்களிடம் குறைவாக இருந்தது. 6 வாரம் மாத்திரையை மறக்காமல் விழுங்க வேண்டிய வேலையும் இல்லை, வயிறு கெடுவதும் இல்லை, எட்டத்தில் உடைந்திருக்கும் கை எலும்பைப் பாதிப்பதும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு இடுப்புக் குழியோடு மறு காலில் தொடையெலும்பும் உடைந்திருந்தது. அவருக்கு மாத்திரைப் பேச்சையே எடுக்காமல் நேராகக் கதிர்வீச்சுக்குக் கூட்டிப்போனார்கள். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கெடுதல் இல்லையா என்றால், இருக்கிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம் என்பது கோட்பாட்டளவில் மறுக்க முடியாத பயம். இவ்வளவு குறைந்த அளவில் அது மிக அரிது, ஆனால் 20 வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் 60 வருடம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பார்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு, கருப்பை, சினைப்பைப் பக்கம் சிதறும் கதிரை எண்ணிப் பெரும்பாலும் மாத்திரைப் பக்கம் போவார்கள், ஆண்களுக்கு விரைகளை மறைத்துக் கவசம் வைப்பார்கள். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது என்பதும், செலவு மாத்திரையைவிட அதிகம் என்பதும், இடுப்பைத் தைத்து ஒரே நாள் ஆன மனிதரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கடினமான மேசையில் படுக்கவைக்க வேண்டும் என்பதும் சின்ன விஷயங்கள் இல்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவரை நகர்த்தவே முடியாமல் போகலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: பின்பக்கமாகத் திறந்திருக்கிறார்கள், வேறு நீள எலும்பும் உடைந்திருக்கிறது அல்லது வயிற்றுப் புண் வரலாறு இருக்கிறது, குழந்தை பெறும் வயதுப் பெண் இல்லை, ஆளை நகர்த்தவும் முடியும் என்றால் கதிர்வீச்சு. இளம் பெண், அல்லது கதிர்வீச்சு வசதியே இல்லை, வயிறும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றால் மாத்திரை, அதுவும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு. முன்பக்கம் மட்டும் திறந்தால் சும்மா விடலாம். இது என் கருத்து, உங்கள் சர்ஜனுக்கு உங்கள் ஸ்கேன் தெரியும், எனக்குத் தெரியாது.

எடிட்ரோனேட் என்று ஒரு மருந்தைப் பழைய புத்தகங்களில் பார்ப்பீர்கள். அது எலும்பில் சுண்ணாம்பு படிவதை மட்டும் தள்ளிப்போடும், அடிச்சட்டம் உருவாவதைத் தடுக்காது. நிறுத்தியதும் படிய ஆரம்பித்துவிடும். அதை விட்டுவிடலாம்.

வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

3-வது வாரத்திலிருந்து இடுப்பைச் சுற்றி வீக்கம், சூடு, சில சமயம் லேசான காய்ச்சல். எனக்கு 4-வது வாரம் தொடை ஒரு சுற்றுப் பெருத்து, கை வைத்தால் கணகணவென்று இருந்தது. இது எச்.ஓ.வின் ஆரம்பமாகவும் இருக்கலாம், உள்ளே சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம், காலில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம், மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். மற்ற இரண்டும் உயிருக்கு ஆபத்து என்பதால் முதலில் அவை இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதற்குத்தான், “எலும்புதான் வளருதாம்” என்று நாமே முடிவு கட்டி வீட்டில் உட்காரக் கூடாது. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறுவதும் ஒரு அறிகுறி, ஆனால் உடைந்த எலும்பு கூடும்போதும் அது ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில் மாத்திரையோ கதிர்வீச்சோ தெரிந்த எலும்பைக் கரைக்காது. செய்யக்கூடியது பயிற்சி. பயிற்சியில் இரண்டு கட்சி உண்டு, எலும்பு பாலம் போடுவதற்கு முன்னால் வேகமாக இழுத்து உடைத்துவிடு என்பவர்கள் ஒரு பக்கம், தொடவே தொடாதே என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முரட்டுத்தனமாக இழுத்தால் தசை மறுபடி கிழிந்து, இன்னும் எலும்பு வளரக் காரணமாகலாம். மயக்கம் கொடுத்து வளைத்தால் நோயாளியின் சொந்தத் தொடையெலும்பே முறியலாம். அசைக்காமலே வைத்திருந்தால் இருக்கிற அசைவும் போய்விடும். வலி ஆரம்பிக்கும் எல்லை வரை, நாமே நம் தசையால் அசைக்கும் பயிற்சி, ஒரு நாளைக்குப் பல முறை, கொஞ்சம் கொஞ்சமாக. பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் ஆபரேஷனுக்குப் போகும் வரை என் கால் என்னைத் தாங்கியது இதனால்தான்.

வளர்ந்த பிறகு: அப்படியே விடுவதா, வெட்டி எடுப்பதா

முதல் இரண்டு தரத்தில் இருப்பவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயந்து கத்தியைத் தேட வேண்டாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அன்றாட வாழ்க்கையில் எந்த இடைஞ்சலும் வராது. எனக்கும் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்க்கும் பழக்கம் இருந்தது. பிசியோதெரபிஸ்ட்தான், “அதை மூடி வையுங்கள், நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், அதை நான் பார்க்கிறேன்” என்றார். முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான். இடுப்பு எவ்வளவு மடங்குகிறது, நாற்காலியில் நேராக உட்கார முடிகிறதா, படியேற முடிகிறதா, காலுறை போட முடிகிறதா, கழிப்பறைக்குத் துணையில்லாமல் போக முடிகிறதா? மூன்றாம் தரத்திலும் 90 டிகிரி மடங்குகிறது, வேலையும் ஓடுகிறது என்றால் அப்படியே விடுவதுதான் என் பார்வையில் நல்ல தேர்வு. ஏனென்றால் வெட்டி எடுப்பது முதல் ஆபரேஷனைவிடச் சின்ன வேலை இல்லை.

அது எவ்வளவு பெரிய வேலை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம் வளரும் எலும்பு, பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பை ஒட்டியே போகும், சில சமயம் அதைச் சுற்றிக் குழாய் மாதிரி மூடிவிடும். அதிலிருந்து நரம்பைப் பிரித்தெடுக்கும்போது அடிபட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். வளர்ந்த எலும்பு ரத்தம் நிறைந்தது, வெட்டினால் நிறையக் கசியும். மாதக்கணக்கில் பாரம் தாங்காமல் மெலிந்த தொடையெலும்பின் கழுத்து ஆபரேஷனின்போதே உடையலாம். சீழ் பிடிக்கலாம். எல்லாம் முடிந்தும் எலும்பு திரும்ப வளரலாம், அதனால் வெட்டிய பிறகு மறுபடியும் தடுப்பு, மாத்திரையோ கதிர்வீச்சோ, கட்டாயம் போல. அப்படியே விட்டால் நஷ்டம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பு மடங்காதவர் குனிய வேண்டிய வேலையெல்லாம் முதுகெலும்பும் முட்டியும் செய்கின்றன, சில மாதத்தில் கீழ் முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். எனக்கு 6-வது மாதம் இடுப்பைவிட முதுகுதான் அதிகமாக வலித்தது.

எப்போது வெட்டுவது என்பதில் பழைய பாடமும் புதுப் பாடமும் ஒத்துப்போவதில்லை. எலும்பு முழுசாக முதிர்ந்து, அதாவது எக்ஸ்ரேயில் ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்கி, எலும்பு ஸ்கேனில் அந்த இடத்தில் எலும்பு கட்டும் வேலை அடங்கியது தெரிந்த பிறகுதான் தொட வேண்டும், குறைந்தது ஒரு வருடமாவது ஆக வேண்டும் என்பது பழைய பாடம். முதிராததை வெட்டினால் திரும்ப வளரும் என்ற பயம் அதற்குக் காரணம். இப்போது பல சர்ஜன்கள், தடுப்பு ஒழுங்காகக் கொடுத்தால் 6 மாதத்திலேயே எடுக்கலாம் என்கிறார்கள். காத்திருக்கக் காத்திருக்கக் குருத்தெலும்பு மெலிகிறது, தசை சுருங்குகிறது, எலும்பு வலுவிழக்கிறது, பிறகு வெட்டியும் அசைவு முழுசாகத் திரும்பாது என்பது அவர்கள் வாதம். என் சார்பு இரண்டாவது பக்கம்தான். நரம்பு நசுங்கும் அறிகுறி இருந்தால், காலில் மரமரப்பு கூடிக்கொண்டே போனால், காத்திருப்பைப் பற்றிப் பேச்சே கூடாது.

நான் 11-வது மாதம் செய்துகொண்டேன். அதற்குள் மடக்கம் 55 டிகிரிக்கு இறங்கியிருந்தது. முன்கூட்டி எடுத்த சி.டி.யைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகத் திருப்பித் திருப்பிக் காட்டி, நரம்பு எந்த இடத்தில் எலும்புக்குள் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று சர்ஜன் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த ஒரு உரையாடல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. ஆபரேஷன் 4 மணி நேரத்துக்கு மேல் நடந்தது, 2 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். என் வயிற்றுக் கதை தெரிந்ததால் மறுநாள் காலை கதிர்வீச்சு. மெஷின் ஓடிய நேரம் சில நிமிடம்தான். ஸ்ட்ரெச்சரிலிருந்து அந்த மேசைக்கு நாலு பேர் போர்வையோடு தூக்கிய அரை நிமிடம்தான் கஷ்டம், மற்றபடி எதுவுமே உணரவில்லை, ஒரு வருடத்துக்கு முன்னால் இதற்குப் பயந்தா வேண்டாம் என்றேன் என்று அங்கேயே படுத்துக்கொண்டு நினைத்தேன். பாதத்தின் மேல்புறம் 3 மாதம் மரத்துக் கிடந்து பிறகு மெதுவாகத் திரும்பியது. ஆபரேஷன் மேசையில் 110 டிகிரி மடங்கிய இடுப்பு இப்போது 95-ல் நிற்கிறது. நகம் வெட்ட முடிகிறது, இடது காலைவிட நேரம் எடுக்கும், ஆனால் முடிகிறது.

குழியின் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டாலோ, பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது சரிந்துவிட்டாலோ கணக்கு வேறு. பந்து பின்பக்கம் கழன்றவர்களுக்கு இந்த ரத்த ஓட்டப் பிரச்சினை நிஜமான ஆபத்து. அப்போது எச்.ஓ.வை மட்டும் வெட்டினால் அசைவு வரும், வலி கூடும், ஏனென்றால் கெட்டுப்போன மூட்டு இப்போது நன்றாக அசைய ஆரம்பிக்கும். அந்த நிலையில் வேண்டாத எலும்பை எடுத்துவிட்டு அதே ஆபரேஷனில் செயற்கை இடுப்பு மூட்டு வைப்பதுதான் பொருத்தம். அதனால் வெட்டுவதற்கு முன்னால், “மூட்டு உள்ளே நன்றாக இருக்கிறதா” என்ற கேள்விக்கு ஸ்கேனைக் காட்டி ஒரு தெளிவான பதில் வாங்குங்கள்.

இன்னொன்று, இது நோயாளிக்கு இல்லை, கூட இருப்பவர்களுக்கு. எச்.ஓ. ஆபத்து மிக அதிகமாக இருப்பவர்கள் தலையிலும் அடிபட்டு வென்டிலேட்டரில் கிடப்பவர்கள், அவர்களால் எதையும் கேட்க முடியாது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் உங்களுக்கு உயிர் பிழைப்பதைத் தவிர வேறு நினைவு இருக்காது, டாக்டர்களுக்கும் இடுப்பு அந்த நேரத்தில் கடைசிக் கவலையாக இருக்கலாம். ஆனாலும் இடுப்பு ஆபரேஷன் எந்த நாள் என்று முடிவானதும் அந்தச் சர்ஜனைப் பிடித்துக் கேளுங்கள்: எந்தப் பக்கமாகத் திறக்கப் போகிறீர்கள், வேண்டாத எலும்பு வளராமல் இருக்க என்ன கொடுக்கப் போகிறீர்கள், மாத்திரை என்றால் வேறு எலும்பு உடைந்திருப்பது கணக்கில் இருக்கிறதா, கதிர்வீச்சு என்றால் இந்த நிலையில் 3 நாளுக்குள் நகர்த்த முடியுமா, முடியாதென்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுக்க முடியுமா? பதிலை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறி வருகிற அடுத்த டாக்டரிடம் அதை எடுத்துக் காட்டலாம்.